தஞ்சாவூர் தாண்டினால்தான் கார்ட்டூன்

வடுவூர் ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின் சீட்டிலிருந்து சின்னவன், "அப்பா, வயிறு என்னமோ பண்ணுது" என்றான். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லியும் பாலும் சீட்டிலும் அவன் அம்மா மடியிலுமாக வந்துவிட்டது. அவன் கையில் என் செல்போன். மன்னார்குடியில் கிளம்பியதிலிருந்து குனிந்த தலை நிமிராமல் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். பிள்ளை சத்தம் போடாமல் வருகிறானே என்று நானும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன நேரம். அவர் இருப்பது கோயம்புத்தூரில். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர், காங்கயம், பல்லடம் வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் போனாலே ஆறு மணி நேரம் பிடிக்கும்; பிள்ளைகளோடு போனால் ஏழரை, எட்டு. அதற்குமுன் வருஷத்துக்கு இரண்டு தடவை போய்வந்த தூரத்தை மாதம் இரண்டு தடவை போக வேண்டியதாயிற்று. பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. என் அம்மாவும் பெரும்பாலும் கூட வருவார். இத்தனை பேரையும் ஒரு சின்ன காரில் ஏற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் என்றால், பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று கையில் இருந்தாக வேண்டும். அந்த ஏதாவது ஒன்றைச் சரியாக அமைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இதே போலப் போய்வருகிற குடும்பங்கள் டெல்டாவில் நிறைய. அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வாந்தி ஏன் வந்தது என்பது. நம் பக்கத்து ரோடுகள் பெரும்பாலும் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிப் போனவை. ஆறு வளைந்தால் ரோடும் வளையும். மதகு வந்தால் ஏறி இறங்கும். ஊருக்கு ஊர் வேகத்தடை. காதுக்குள்ளே உடம்பின் அசைவைச் சொல்லும் ஓர் உறுப்பு இருக்கிறது. வண்டி இடமும் வலமும் ஆடுவதை அது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மடியில் இருக்கிற போனைப் பார்க்கிற கண்ணோ, எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. கைக்குழந்தைகளுக்கு இது அவ்வளவாக வராது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். படிப்பதும் குனிந்து போன் பார்ப்பதும்தான் இதற்கு மிக மோசமானவை. பார்வை முன்பக்கமாகத் தூரத்தில் இருந்தால் குறையும்.

இது எனக்கு அன்று தெரியாது. போன் சின்னது, அதனால்தான் இப்படி, பெரிய திரை வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதற்கடுத்து செய்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு.

தஞ்சாவூரில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் டேஷ்போர்டில் இருந்த பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டேன். படம் ஓடும், ரிவர்ஸ் கேமரா தெரியும், மேப்பும் பார்க்கலாம். அந்த மாதிரி ஸ்டீரியோக்களில் ஹேண்ட்பிரேக் ஒயர் என்று ஒன்று வரும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ ஓடும், எடுத்தால் படம் நின்றுவிடும். ஓட்டுகிறவர் படம் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வைத்தது. கடையில் அந்த ஒயரை எடுத்து எர்த்தில் கொடுத்துவிட்டார்கள். ஹேண்ட்பிரேக் எப்போதும் போட்டிருப்பதாகவே ஸ்டீரியோ நினைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போதும் படம் ஓடும். "எல்லாரும் இப்படித்தான் சார் போட்டுக்கிறாங்க" என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

தை மாதம், சம்பா அறுப்பு மும்முரம். கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். தஞ்சாவூர் தாண்டும்போதே நன்றாக இருட்டிவிட்டது. அந்த நேரத்தில் நம் ரோடுகள் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாதி ரோட்டில் நெல் காயும். பொழுது சாய்ந்ததும் அதைக் குவித்துப் படுதா போட்டு மூடி, சுற்றிலும் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். விளக்கு எதுவும் இருக்காது. ஸ்டீரியோவில் பிள்ளைகளுக்குப் பிடித்த படம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று நானும் திரையைப் பார்த்தேன். இரண்டு விநாடி இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி இரண்டு விநாடியில் 33 மீட்டர் போய்விடும். நிமிர்ந்தபோது முகப்பு வெளிச்சத்தில் நெல் குவியல்.

ஸ்டியரிங்கை ஒடித்தேன். எதிரே வண்டி வரவில்லை, பிழைத்தோம். ஒரு கல் மட்டும் டயரில் பட்டுத் தெறித்த சத்தம் கேட்டது. அதைவிட என்னைக் கலங்கவைத்தது, அந்த நேரத்தில் சின்னவன் எங்கே இருந்தான் என்பது. டேஷ்போர்டில் இருக்கிற திரை பின் சீட்டிலிருந்து சரியாகத் தெரியாது. அதனால் அவன் பெல்ட்டிலிருந்து நழுவி வந்து, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி நின்றுகொண்டிருந்தான். பிரேக்கை முழுசாக அழுத்தியிருந்தால் அவன் நேராகக் கண்ணாடியில் போய் மோதியிருப்பான்.

வீட்டுக்கு வரும்வரை என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு வந்து, "அதக் கழட்டிடுங்க" என்றாள்.

மறுநாள் காலை மன்னார்குடியிலேயே எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணனிடம் போனேன். அவர் டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் காட்டினார். ஒன்று அந்த ஹேண்ட்பிரேக் ஒயர். இன்னொன்று, கரண்ட் எடுத்திருந்த விதம். வண்டியின் ஒயரைச் சீவி, புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒயருக்கு ஏற்ற ஃபியூஸும் இல்லை. "நம்ம வெயிலுக்கு இந்த டேப்பு பசை விட்டுப் பிரிஞ்சுரும் தம்பி. ஒயர் பாடியில உரசுனா அப்புறம் பொகதான்" என்றார். ஸ்டீரியோவை எடுக்கவில்லை. பாட்டுக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் வைத்துக்கொண்டேன். ஹேண்ட்பிரேக் ஒயரை அது சேர வேண்டிய இடத்தில் சேர்த்து, கரண்டை முறையான கனெக்டரும் ஃபியூஸும் வைத்து எடுத்துக் கொடுத்தார். உங்கள் வண்டியில் ஓடும்போது முன் திரையில் படம் தெரிகிறது என்றால், தயவுசெய்து அந்த ஒயரைச் சரிசெய்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள். அரை மணி நேர வேலை.

முன் சீட்டு ஹெட்ரெஸ்டிலேயே திரை பதித்துத் தருகிறோம் என்றும் கடைகளில் சொல்வார்கள். அதையும் அந்த அண்ணனிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். சீட்டைப் பிரித்து, கம்பளத்துக்கு அடியில் ஒயர் இழுக்க வேண்டும். பல வண்டிகளில் முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் ஒயர், அதன் பக்கம் கைவைக்கவே கூடாது. இழுத்துக் கட்டுகிற சீட் கவரும் அந்த ஏர்பேக்கை மறைத்துவிடும். ஒரத்தநாட்டில் இருக்கிற என் சித்தப்பா மகன் இப்படித் திரை போட்டபோது, கடையில் அதன் கரண்டைச் சாவி எடுத்தாலும் நிற்காத லைனில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் நிறுத்திவைத்த வண்டி மூன்றாம் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை.

கடைசியில் எங்களுக்குச் சரிப்பட்டது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு. வீட்டில் சும்மா கிடந்த பத்து இஞ்ச் டேப்லெட், சுருக்கமாக டேப். அதை ஹெட்ரெஸ்டின் இரண்டு கம்பியிலும் பிடிக்கிற ஒரு ஸ்டாண்டு, 700 ரூபாய். வாங்குவதற்கு முன் உங்கள் சீட்டைப் பாருங்கள். சில சின்ன கார்களில் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு சேர்ந்தே வரும், கம்பியே இருக்காது. அதற்குப் பட்டை போட்டுக் கட்டுகிற மாதிரி வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் பட்டை சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக்கின் குறுக்கே போகக் கூடாது.

முதலில் நான் வாங்கியது வேறு மாதிரி. இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகத் தெரியட்டும் என்று, நீளமான கை வைத்து இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் டேப்பை நீட்டி நிறுத்துகிற ஸ்டாண்டு. அது உள்கண்ணாடியை மறைத்தது. பின்னால் லாரி வருவதே தெரியவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது டேப் தலையாட்டியது. நடுவில் உட்கார்ந்திருந்த மனைவியின் நெற்றிக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அன்றைக்கே மாற்றினேன். சடன் பிரேக்கில் பின்னால் இருப்பவர் தலை முன்னே வரும். ஆகவே திரை ஹெட்ரெஸ்டை ஒட்டியே இருக்க வேண்டும், நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. டேப்புக்கு ஓரமெல்லாம் மூடிய ரப்பர் கவர் போட்டேன். ஸ்டாண்டின் பிடி ஸ்பிரிங்காக இருந்தால் போதாது. திருகி இறுக்குகிறதாக வாங்குங்கள். கிளம்புமுன் டேப்பைப் பிடித்து ஒரு தடவை நன்றாக இழுத்துப் பார்ப்பேன். கையோடு வந்தால் விபத்தில் பறக்கும்.

உயரம் முக்கியம். பிள்ளை நேராக உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கு நேரே, அல்லது ஒரு விரற்கடை கீழே. சின்னவன் வெறும் சீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவனுக்குத் திரை மேலே இருந்தது, கழுத்தை நிமிர்த்தியே பார்ப்பான். பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கிற பூஸ்டர் சீட் வாங்கிய பிறகு இரண்டு வேலையும் முடிந்தது: பெல்ட் கழுத்தில் அறுக்காமல் தோளில் விழுந்தது, கண்ணும் திரையும் சமமாயின. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவுப்படி, பதினான்கு வயதுக்குள் இருக்கிற பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். எங்கள் வீட்டுச் சட்டம் இன்னும் கொஞ்சம் கடுமை. பெல்ட் கழன்ற சத்தம் கேட்டால் படம் நிற்கும். பேச்சே இல்லை. மூன்றாவது பயணத்துக்குள் இருவரும் பழகிக்கொண்டார்கள்.

ஒரு சின்ன விஷயம். டேப் இடதுபக்க முன் சீட்டின் பின்னால் இருக்கிறது. அந்தச் சீட்டில் உட்காருவது என் அம்மா. திருச்சி தாண்டினால் அம்மாவுக்குத் தூக்கம் வரும், சீட்டைச் சாய்ப்பார். சாய்த்தால் திரை கீழே பார்க்கும். பின்னாலிருந்து "அப்பாயி, நிமிந்து ஒக்காருங்க, படம் தெரியல" என்று குரல் வரும். பந்து மாதிரி மூட்டு வைத்த ஸ்டாண்டாக இருந்தால் திரையை மட்டும் நிமிர்த்திக்கொள்ளலாம். அம்மாவும் தூங்கலாம்.

சார்ஜ் பற்றி நிறையக் கவலைப்பட்டேன், அவ்வளவு தேவையில்லை. முழுசாகச் சார்ஜ் போட்ட நல்ல டேப் ஒரு பயணத்துக்குத் தாங்கும். ஆனால் சார்ஜ் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டுமென்றால் வண்டியில் வந்திருக்கிற யுஎஸ்பி போதாமல் போகலாம். எங்கள் வண்டியில் அது ஒரு ஆம்பியர், அதாவது ஐந்து வாட்தான் தரும். படம் ஓடுகிற டேப் சாப்பிடுவதே அந்த அளவு. செருகியிருக்கிறதே என்று நம்பியிருப்போம், கரூர் வரும்போது பார்த்தால் ஏறியே இருக்காது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற 18 வாட் அல்லது அதற்கு மேல் தருகிற சார்ஜர் வாங்கிக்கொண்டால் போதும். ஒயரை ஹேண்ட்பிரேக் பக்கமாக விடாமல், இடதுபக்கம் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய்க் கிளிப் போட்டுவிடுங்கள். பிள்ளை காலில் மாட்டி இழுத்தால் டேப்பும் கூடவே வரும்.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்திரை மாதம், தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தோம். டேப்பைத் தொட முடியவில்லை. ஆன் செய்தால் சூடு அதிகம் என்று காட்டிவிட்டு அணைந்துவிட்டது. ஐபேடை 35 டிகிரி வரைதான் பயன்படுத்தலாம், 45 டிகிரிக்கு மேல் வைத்திருக்கவே கூடாது என்கிறது ஆப்பிள். மற்ற டேப்களும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் அது எளிதாகத் தாண்டிவிடும். அதுவும் கண்ணாடிக்கு நேராக மாட்டியே விட்டுவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். இறங்கும்போது டேப்பும் பவர்பேங்கும் மனைவியின் கைப்பையோடு இறங்கிவிடும். சூடானதை ஏசி காற்றுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், தானாக ஆறட்டும்.

படம் எதில் வைப்பது? நெட்டை நம்ப வேண்டாம். வடுவூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவிலேயே இரண்டு மூன்று இடத்தில் எங்கள் சிம்முக்குச் சிக்னல் போய்விடும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும். நிற்கிற படத்தைப் பார்த்துப் பிள்ளை அழுவது, படமே இல்லாமல் அழுவதைவிடக் கொடுமை. ஆப்பில் டவுன்லோட் செய்துவைத்தாலும் சிலவற்றுக்குக் கெடு உண்டு. குறிப்பிட்ட நாளுக்குள் நெட்டில் இணைக்காவிட்டால் ஓடாது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி, கிளம்புகிற நாளுக்கு முந்தின இரவு டேப்பை ஃப்ளைட் மோடில் போட்டு ஒவ்வொன்றையும் பத்து விநாடி ஓட்டிப் பார்ப்பது. வீட்டு வைஃபையில் ஓடியது என்று நம்பிக் கிளம்பி ஏமாந்திருக்கிறேன்.

மெமரி கார்டில் வைப்பவர்களுக்கு: கார்டோ பென்டிரைவோ ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. முழு எச்டி படம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். பத்து இஞ்ச் திரைக்கு 480 அல்லது 720 என்ற அளவுத் தெளிவே போதும், வித்தியாசமே தெரியாது, இடமும் மிச்சம். பழைய டேப்பாக இருந்தால், எச்.265 என்ற புது முறையில் சுருக்கிய ஃபைல்கள் சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போகலாம். எம்பி4, எச்.264 என்று இருந்தால் எதிலும் ஓடும்.

எதைப் போடுவது என்பதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வேகவேகமாக வெட்டி வெட்டி வருகிற கார்ட்டூன்களைத் தவிர்த்துவிட்டு, நிதானமாகப் போகிறவற்றை ஏற்றிப் பாருங்கள். சின்னவனுக்கு யானை, புலி வருகிற வனவிலங்குப் படங்கள் போட்ட நாளில் குமட்டலும் இல்லை, படத்தை நிறுத்தியதும் வரும் முரண்டும் இல்லை.

சத்தத்துக்கு வருவோம். ஹெட்ஃபோன் மாட்டினால் வண்டிக்குள் அமைதி. ஆனால் ரோட்டு இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற நேரம் வேகமாகக் குறையும். குழந்தைகளுக்கான ஹெட்ஃபோன் என்று விற்பவற்றில் பல 85 டெசிபலில் நிற்கும், அதனால் அதிலும் நாம்தான் குறைத்துவைக்க வேண்டும். நான் செய்கிற சோதனை எளிது. சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்க்காவிட்டால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். சின்னவனுக்கு ஒயர் ஹெட்ஃபோன் இன்னும் கொடுக்கவில்லை. தூங்கிவிட்டால் கழுத்தில் சுற்றும் என்ற பயம். டேப்பின் ஸ்பீக்கரிலேயே மெதுவாக வைக்கிறோம். பெரியவள் தனியாக வேறு ஏதாவது கேட்க விரும்பினால் அவளுக்கு மட்டும் ஹெட்ஃபோன்.

இவ்வளவும் வாங்கி மாட்டி முடித்த பிறகும் தஞ்சாவூர் வருமுன் சின்னவனுக்கு வயிற்றைப் புரட்டுவது முழுசாக நிற்கவில்லை. திரை கண்ணுக்கு நேரே வந்ததும் வாந்தி குறைந்தது, அவ்வளவுதான். நான்கைந்து பயணம் கவனித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவனுக்குப் புரட்டுவதெல்லாம் மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில்தான். தஞ்சாவூர் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறி, செங்கிப்பட்டி, துவாக்குடி என்று நேராகப் போகும்போது ஒன்றுமே இல்லை. கோளாறு திரையில் இல்லை, எந்த ரோட்டில் திரையைப் போடுகிறோம் என்பதில் இருந்தது.

தஞ்சாவூர்வரை திரை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. காலையில் நாங்கள் மேற்கே போகிறோம். சூரியன் முதுகுக்குப் பின்னால். ஹெட்ரெஸ்டில் இருக்கிற திரை பின்னோக்கிப் பார்க்கிறது. பின் கண்ணாடி வழியாக வருகிற இளவெயில் நேராகத் திரையில் விழும், பிள்ளைகள் தங்கள் முகத்தைத்தான் அதில் பார்ப்பார்கள். சாயங்காலம் கிழக்கே திரும்பி வரும்போதும் சூரியன் முதுகுப் பக்கம்தான். கண்ணைச் சுருக்கி, முன்னால் சாய்ந்து, வெளிச்சத்தை முழுசாக ஏற்றிப் பார்ப்பார்கள். சார்ஜும் இறங்கும், தலையும் வலிக்கும்.

அதிலிருந்து எங்கள் வண்டியில் ஒரே விதி. தஞ்சாவூர் தாண்டினால்தான் கார்ட்டூன். அதுவரை டேப் பைக்குள். மன்னார்குடியில் பாமணியாற்றுப் பாலத்தில் தொடங்கி, தஞ்சாவூரில் புது ஆறு வரை, கடக்கிற ஆறு, வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் பெரியவள் எண்ணுவாள். தண்ணீர் ஓடினால் ஒரு மதிப்பெண், மணல் தெரிந்தால் அரை. ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணையும் திறந்த பிறகு போனால் மதிப்பெண் குவியும். பங்குனியில் போனால் எல்லாம் அரை அரையாகத்தான் வரும். ஏன் மணலாக இருக்கிறது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கத் தொடங்கியது அந்தக் கணக்கிலிருந்துதான். கேள்விக்குப் பதில் சொல்வது என் அம்மா. நடவுக்குப் போன காலம், முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலம், எந்த வருஷம் எந்த உடைப்பு என்று சொல்லிக்கொண்டே வருவார். வடுவூர் ஏரி 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். கார்த்திகை, மார்கழியில் அங்கே ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்தினாலே சின்னவனுக்குப் போதும். கரையில் நிற்கிற நாரை, தண்ணீரில் மிதக்கிற வாத்து, எல்லாம் பார்த்துவிட்டு ஏறுவான். அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்துவிட்டு ரோட்டைக் கடக்கிற வாத்துக் கூட்டம் வந்துவிட்டால் அன்றைக்குக் கார்ட்டூன் நினைப்பே வராது.

கதை கேட்பதற்குக் குமட்டல் வராது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். கண் வெளியே இருக்கிறது, காது மட்டும் கதையில். அம்மா வராத நாளில் ஸ்டீரியோவில் ஒலிக்கதை போடுகிறோம். வளைவான ரோட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கிளம்பும்போது வயிறு முட்டப் பாலும் பொங்கலும் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். இரண்டு இட்லி, தண்ணீர். மீதி திருச்சியில்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதற்கு இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2021-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்துவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்திலிருந்து பத்துவரை இரண்டு மணி நேரத்துக்குள். பயண நாள்தானே என்று அதை மீறலாமா என்று எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. மீறாமலே சமாளிக்க முடிகிறது என்பதுதான் அனுபவம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அது முதல் பங்கு. திருச்சியில் சாப்பாடு. அதன்பிறகு முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, குளித்தலை என்று வலப்பக்கம் காவிரியும் வாழைத் தோப்புமாகப் போகிற ரோடு மறுபடியும் குறுகலும் வளைவும். அங்கே டேப் அணைந்திருக்கும்; பிள்ளைகள் பெரும்பாலும் தூங்கியிருப்பார்கள். கரூரில் விழித்தபின் தென்னிலை, வெள்ளக்கோவில் பக்கம் ரோடு நேராகிவிடும். இரண்டாவது பங்கு அங்கே. முதல் வருஷம் சின்னவன் ஐந்து வயது ஆகாதவன் என்பதால் அவனுக்கு இரண்டு பங்கும் அரை அரை மணி நேரம்தான். அவன் தூங்கிய நேரத்தில் பெரியவள் மீதியைப் பார்த்துக்கொண்டாள். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று ஊர்ப்பெயரால் தெரிந்துவிட்டதால் அழுகை குறைந்தது. "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது பிள்ளைகளுக்குப் புரியாத கணக்கு. "துவாக்குடி வந்தா நிறுத்தணும்" என்றால் புரிகிறது, போர்டையும் அவர்களே வாசித்துச் சொல்கிறார்கள்.

இருட்டிய பிறகு படம் கிடையாது. முதலில் இதை யோசிக்கவில்லை. ராத்திரியில் திரை வெளிச்சம் உள்கண்ணாடியிலும் முன் கண்ணாடியின் உட்புறத்திலும் மின்னும். விளக்கில்லாத ரோட்டில் எனக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போகும். நெல் குவியலைப் பார்த்துவிட்ட எனக்கு அந்த மின்னலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பி வரும்போது கரூரிலேயே டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறாள் என் மனைவி. ஸ்டாண்டு மட்டும் ஹெட்ரெஸ்டில் இருக்கும். குளித்தலை தாண்டும்போது பின்னால் இரண்டு பேரும் தூங்கியிருப்பார்கள். சின்னவன் தூக்கத்தில் பெல்ட்டுக்கு அடியில் நழுவாமல் இருக்க, அவன் அம்மா ஒரு கையை அவன்மேல் போட்டுக்கொண்டு வருவாள்.

மாமனார் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். மாதம் ஒரு தடவை போய்வந்தால் போதும் என்றாகிவிட்டது. போன தடவை கிளம்பும்போது டேப்பை வீட்டிலேயே மறந்து விட்டுவிட்டோம். வடுவூர் வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. தஞ்சாவூரில் பெரியவளுக்கு ஒரு புதிர்ப் புத்தகமும் சின்னவனுக்குப் படப் புத்தகமும் வாங்கினோம். ஓடும்போது குனிந்து பார்க்காதீர்கள் என்று சொல்லி, வண்டி நின்ற இடங்களில் மட்டும் கையில் கொடுத்தோம். செங்கிப்பட்டி வந்ததும் சின்னவன் கார்ட்டூன் கேட்டு ஒரு பாட்டம் அழுதான். பிறகு அப்பாயியிடம், கல்லணை உடைந்தால் நம் வீட்டுக்குத் தண்ணீர் வருமா என்று கேட்க ஆரம்பித்தான். திருச்சி வரும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை.